பறவைக்கா, வெள்ளத்துக்கா? மிசௌரி ஆற்று அணைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எதைப் பற்றிய சண்டை?

அமெரிக்காவின் மிக நீளமான ஆறு மிசௌரி. மொன்டானா மலைகளில் கிளம்பி, சுமார் 3,770 கிலோமீட்டர் ஓடி, செயின்ட் லூயிஸ் அருகே மிசிசிப்பியில் கலக்கிறது. அதன் மேல்பகுதியில் ஆறு பெரிய அணைகள் இருக்கின்றன. 2011 கோடையில் அந்த அணைகளிலிருந்து வரலாறு காணாத அளவு தண்ணீர் திறக்கப்பட்டு, கீழே இருந்த ஊர்களும் வயல்களும் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. "நாலு பறவையையும் ஒரு மீனையும் காப்பாற்றப் போய் எங்களை மூழ்கடித்துவிட்டார்கள்" என்று அன்று எழுந்த குரல் இன்னும் ஓயவில்லை. அந்தக் குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம். ஒரு பாதி தவறு, இன்னொரு பாதி சரி என்பது என் கருத்து. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்காமலே இரு தரப்பும் கத்திக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்த அணைகள் எவ்வளவு பெரியவை?

நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. மிசௌரியின் ஆறு அணைகளும் சேர்ந்து 3,150 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். முப்பத்து மூன்று மேட்டூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக ஃபோர்ட் பெக், கேரிசன், ஒவாஹி, பிக் பெண்ட், ஃபோர்ட் ராண்டால், கேவின்ஸ் பாயின்ட். முதல் மூன்றும் கடல் மாதிரி. கடைசியில் இருக்கும் கேவின்ஸ் பாயின்ட் சின்னது. ஆனால் அதற்குக் கீழே, செயின்ட் லூயிஸ் வரை, ஆற்றின் குறுக்கே வேறு அணையே இல்லை. அதனால் "இன்று எவ்வளவு திறக்கிறார்கள்" என்று கீழ்ப்பகுதிக்காரர்கள் கேட்டால், அது கேவின்ஸ் பாயின்ட்டைப் பற்றித்தான்.

ஃபோர்ட் பெக் 1930களில் கட்டியது. மற்ற ஐந்தும் 1944ஆம் ஆண்டு வெள்ளத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. நடத்துவது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை.

அணை என்றால் வெள்ளத்தைத் தடுக்கத்தானே? பிறகு என்ன குழப்பம்?

அணைக்குச் சட்டம் ஒரு வேலை கொடுக்கவில்லை, எட்டு வேலை கொடுத்திருக்கிறது: வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, பாசனம், மின்சாரம், குடிநீர், நீரின் தரம், பொழுதுபோக்கு, மீனும் வனவிலங்கும்.

வெள்ளத்தைத் தடுக்க அணை காலியாக இருக்க வேண்டும். மற்ற வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறைந்திருக்க வேண்டும். சிக்கல் முழுவதும் இங்கேதான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, அணையைத் தட்டுத்தட்டாகப் பிரித்துக்கொள்வது. அடியில் நிரந்தரமாக இருக்க வேண்டிய தண்ணீர். அதற்கு மேலே, வறட்சி வந்தால் வருடக்கணக்கில் செலவழிக்க வைத்திருக்கும் பெரிய சேமிப்பு. 1930களில் அந்தச் சமவெளியைத் தின்ற பஞ்சத்தை மனதில் வைத்து அளந்தது அது. உச்சியில் வெள்ளத்துக்கென ஒதுக்கிய காலி இடம், சுமார் 710 டிஎம்சி. ஒவ்வொரு வருடமும் பனி உருகத் தொடங்குமுன் அந்த மேல்தட்டைக் காலி செய்துவிட வேண்டும். எந்தத் தட்டு எப்போது எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நடைமுறை நூல் இருக்கிறது. முதல் பதிப்பு 1960இல் வந்தது. 2004, 2006, 2018 திருத்தங்கள் நம் கதைக்கு முக்கியம்.

சுற்றுச்சூழல் இதில் எப்போது நுழைந்தது?

மூன்று உயிரினங்கள் வழியாக. சின்ன ஆலா என்ற பறவையும், உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த பைப்பிங் ப்ளோவரும் 1985இல், சட்டப்படி பாதுகாக்க வேண்டிய உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தன. பேலிட் ஸ்டர்ஜன் என்ற மீன் 1990இல்.

இரண்டு பறவைகளும் கூடு கட்டுவதில்லை. ஆற்று நடுவே புல்பூண்டு முளைக்காத வெறும் மணல்திட்டில், நெஞ்சால் மணலை ஒதுக்கி ஒரு சின்னக் குழி பறித்து, அதில் முட்டையிடும். முட்டையில் மணல் நிறத்தில் புள்ளிகள் இருக்கும். இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் திட்டை உருவாக்குவது வசந்தகால வெள்ளம். வெள்ளம் மணலைக் கொண்டுவந்து போட்டு, வளர்ந்திருக்கும் செடிகளை வழித்துக்கொண்டு போகும். கோடையில் ஆறு வற்றும்போது திட்டு வெளியே தெரியும். அணை வந்த பிறகு மணல் மேலேயே தங்கிவிட்டது. வெள்ளம் நின்றது. கோடையில் படகுகளுக்காக ஆற்றில் தண்ணீர் ஏற்றிவிடப்பட்டது. பறவைக்குத் தேவையானது எல்லாம் தலைகீழாகிப் போனது.

ஸ்டர்ஜனின் நிலை இன்னும் மோசம். ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் அது, கலங்கல் தண்ணீருக்கென்றே உடம்பெடுத்தது. பொரிந்த குஞ்சு நீந்தத் தெரியாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீரோட்டத்தோடு மிதந்து போகும். மேல்பகுதியில் அப்படி மிதந்து வரும் குஞ்சு, பலம் பெறும் முன்பே அடுத்த அணையின் தேங்கிய தண்ணீருக்குள் போய் விழுகிறது. அங்கே அடிமட்டத்தில் பிராணவாயு கிடையாது. பெரிய மீன்கள் உயிரோடு இருக்கின்றன, குஞ்சுகள் பிழைப்பதில்லை. வயதானவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் மாதிரி.

அரசு என்ன செய்யச் சொன்னது?

2000ஆம் ஆண்டில் மீன் வனவிலங்குத் துறை ஒரு கருத்துரை கொடுத்தது. அணைகளை இப்படியே நடத்தினால் இந்த மூன்றும் அழியும், வசந்தத்தில் கொஞ்சம் அதிகமாகத் திறவுங்கள், கோடையில் குறையுங்கள், ஆற்றின் பழைய வடிவத்தில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுங்கள் என்பது சாரம். 2003இல் அது திருத்தப்பட்டது. வசந்தத்தில் சில நாள்கள் மட்டும் கூடுதலாகத் திறக்கும் "வசந்தத் துடிப்பு" 2006இல் நடைமுறை நூலில் ஏறியது. அந்த மே மாதமே முதல் முறையாகச் செய்தும் பார்த்தார்கள்.

அப்புறம், ஆற்றுக்குள்ளேயும் வேலை நடந்தது. கேவின்ஸ் பாயின்ட்டுக்குக் கீழே இருக்கும் சூ சிட்டி என்ற ஊரிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை படகுப் பாதைக்காக ஆற்றை நேராக்கி, கரையிலிருந்து நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளால் இறுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கல் தடுப்புகளில் வெட்டு விட்டார்கள். மூடிய பக்கக் கால்வாய்களைத் திறந்தார்கள். கரையை ஆறு அரிக்கட்டும் என்று விட்டார்கள். செய்திகளில் பெயர் வாங்கியது வசந்தத் துடிப்பு. ஆனால் விவசாயிக்குப் பிற்பாடு அதிகம் வலித்தது இந்தச் சத்தமில்லாத வேலைதான். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றங்கள் யார் பக்கம்?

முதலில் பறவை பக்கம். 2003 கோடையில் வாஷிங்டன் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், மணல்திட்டு முட்டைகளுக்காக ஆற்று நீரைக் குறைக்கச் சொன்னார். பொறியாளர் படை, படகுகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லும் வேறொரு நீதிமன்ற உத்தரவைக் காட்டித் தயங்கியபோது, அவமதிப்பு என்று சொல்லி நாளுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் என எச்சரித்தார். ஒரே ஆற்றைப் பற்றி, ஒரே கோடையில், ஒன்றுக்கொன்று முரணான உத்தரவுகள். பின்னர் எல்லா வழக்குகளும் மினசோட்டாவில் ஒரே நீதிபதியிடம் சேர்க்கப்பட்டு, 2004இல் படைக்குச் சாதகமாக முடிந்தன. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அணைகளின் முதன்மையான வேலை வெள்ளத் தடுப்பும் படகுப் போக்குவரத்தும்தான், ஆனால் அழிவிலுள்ள உயிரினங்களைக் காக்கும் சட்டமும் அந்தப் படையைக் கட்டுப்படுத்தும் என்பது நிலை. சண்டையை அது தீர்க்கவில்லை, களத்தை மட்டும் வரையறுத்தது.

2011இல் உண்மையில் என்ன நடந்தது?

அந்தக் குளிர்காலத்தில் சமவெளியிலும் பனி அதிகம், மலையிலும் அதிகம். ஃபோர்ட் பெக்குக்கு மேலே மலைப்பனி வழக்கத்தைவிட சுமார் 40 சதவீதம் கூடுதல். குளிர் நீடித்ததால் அது உருகவும் தாமதமானது. மே மாதப் பிற்பாதியில் கிழக்கு மொன்டானாவில் மழை கொட்டியது, கிட்டத்தட்ட ஒரு வருட மழை இரண்டு வாரத்துக்குள். சமவெளிப்பனி, மழை, மலைப்பனி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன.

சூ சிட்டிக்கு மேலே அந்த ஆண்டு வந்த மொத்த நீர் சுமார் 2,650 டிஎம்சி. 1898 முதல் இருக்கும் பதிவில் அதுவே அதிகம். அதற்கு முந்தைய உச்சம் 1997இல் சுமார் 2,130. மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்தில் மட்டும் சுமார் 1,490 டிஎம்சி வந்தது. வெள்ளத்துக்கென ஒதுக்கிய இடமோ 710.

கேவின்ஸ் பாயின்ட்டில் அதுவரை திறந்த அதிகபட்சம் 1997இல் விநாடிக்கு 70,000 கன அடி. 2011இல் 1,60,000. மேட்டூரிலும் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கன அடி திறந்த நாள்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அது சில நாள் கதை. அங்கே ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை 1,50,000க்குக் கீழே இறங்கவே இல்லை. கேரிசன் அணையின் உபரிநீர் மதகுகள், கட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், வெள்ளத்துக்காக அந்த ஜூனில்தான் முதல் முறை திறந்தன. நெப்ராஸ்காவில் ஃபோர்ட் கால்ஹூன் அணுமின் நிலையத்தைத் தண்ணீர் தீவாக்கியது. வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் எழுப்பிய மண் கரை என்பது ஒரு வாரத் தண்ணீரைத் தாங்கக் கட்டியது. இரண்டு மாதம் ஊறினால் உள்ளே பொசிந்து, அடியில் மணல் கொப்பளித்து, கடைசியில் உடையும். அப்படித்தான் பல இடங்களில் உடைந்தது.

பறவைகளுக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்ததுதானே காரணம்?

இல்லை. இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஒன்று, வெள்ளத்துக்கான மேல்தட்டு முழுவதும் 2011 ஜனவரிக் கடைசியிலேயே காலி செய்யப்பட்டிருந்தது. நடைமுறை நூல் சொன்ன அளவு அதுதான். இரண்டு, 2004லும் 2006லும் நூலைத் திருத்தியபோது அந்த வெள்ள இடத்தில் ஒரு டிஎம்சிகூடக் குறைக்கவில்லை. அந்த அளவு பறவைகள் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே முடிவானது. மூன்று, வசந்தத் துடிப்பு என்பது தண்ணீரைத் திறந்துவிடும் வேலை, அதுவும் சில நாளுக்கு. 1,490 டிஎம்சி முன்னால் அது எறும்பு.

வெள்ளத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட சுயேச்சையான நிபுணர் குழுவும் 2011 டிசம்பரில் இதையே சொன்னது: நூலின்படிதான் நடத்தினார்கள், வந்த தண்ணீர்தான் அசாதாரணம். பழைய அளவுகோலான 1881 வெள்ளத்தை வைத்தே எல்லாம் அளக்கப்பட்டிருந்தது, 2011 அதைத் தாண்டிப் போய்விட்டது.

பனி அதிகம் என்று தெரிந்ததும் முன்கூட்டியே இன்னும் திறந்திருக்கலாமே?

நியாயமான கேள்வி. எனக்கும் இந்த இடத்தில்தான் மனம் ஊசலாடுகிறது. ஏப்ரலில் கொஞ்சம் துணிந்து திறந்திருந்தால் உச்சம் குறைந்திருக்கும். ஆனால் ஏப்ரலில் கையில் இருந்தது பனிக்கணக்கு மட்டும். மே மாத மழை யாருக்கும் தெரியாது. அதற்குச் சில வருடம் முன்புவரை, 2000இல் தொடங்கிய நீண்ட வறட்சியில் இதே அணைகள் வற்றிக் கிடந்தன. மேல்பகுதியிலுள்ள டகோட்டா மாநிலங்களின் மக்கள் படகுத்துறையிலிருந்து தண்ணீரை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சேமிப்பில் கைவைத்துத் திறந்துவிட்டு, மழை பெய்யாமல் போயிருந்தால் மேல்பகுதிக்காரர்கள் அதே அதிகாரிகளைத்தான் நீதிமன்றத்துக்கு இழுத்திருப்பார்கள். காலி இடத்தை இன்னும் பெரிதாக்கலாம் என்பவர்கள், வறட்சிக்கான தண்ணீரில் எவ்வளவு விட்டுக்கொடுப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதில் எதிரெதிரே நிற்பவை வெள்ளமும் வறட்சியும். பறவை இந்தத் தராசிலேயே இல்லை.

அப்படியானால் விவசாயிகள் சொல்வது பொய்யா?

இதுதான் பலர் கவனிக்காமல் விடும் மறுபாதி. அயோவா, மிசௌரி, நெப்ராஸ்கா, கேன்சஸ் பக்கத்திலுள்ள நில உரிமையாளர்கள் சுமார் 370 பேர் 2014இல் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். ஐடெக்கர் ஃபார்ம்ஸ் வழக்கு என்று பெயர். வெள்ளம் வந்தது தவறு என்று அவர்கள் கேட்கவில்லை. "உயிரினங்களுக்காக ஆற்றை மாற்றியதால் எங்கள் நிலத்தில் அடிக்கடி தண்ணீர் ஏறுகிறது. இது எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், நஷ்டஈடு கொடுங்கள்" என்றார்கள். நம்மூர்ப் பேச்சில், ஆர்ஜிதம் செய்யாமலே ஆர்ஜிதம் செய்துவிட்டார்கள் என்கிற வாதம். தனியார் சொத்தைப் பொதுக் காரியத்துக்கு எடுத்தால் ஈடு தர வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம்.

2018 மார்ச்சில் நீதிபதி நான்சி ஃபயர்ஸ்டோன் தீர்ப்பளித்தார். 2007, 2008, 2010, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் பல நிலங்களில் ஏறிய வெள்ளத்துக்கு ஆற்று மாற்றங்கள் காரணம் என்று ஏற்றார். 2011ஐ அந்தத் தீர்ப்பில் ஏற்கவில்லை. ஊரெல்லாம் பறவையைத் திட்டிய அந்த ஒரு வருடத்தை விலக்கிவிட்டு, யாரும் கேமரா தூக்கிக்கொண்டு வராத சின்னச் சின்ன வருடங்களைத்தான் நீதிமன்றம் பிடித்தது. காரணம் நான் மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன வேலை. கல் தடுப்பை வெட்டி, கரையை அரிக்கவிட்டு, கால்வாயைத் திறந்தால் ஆறு அகலமாகும், வேகம் குறையும், நீர்மட்டம் ஏறும். அரை அடி, ஓரடி ஏறினாலே போதும். வயலின் வடிகால் குழாய் வாய் தண்ணீருக்குள் போய்விடும். மழைநீர் வெளியே போக வழியில்லாமல் வயலிலேயே நிற்கும். கரை உடையவே வேண்டாம், நட்ட மக்காச்சோளம் அழுகிவிடும்.

2020இல் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிலம் எடுக்கப்பட்டது என்ற முடிவை உறுதிசெய்ததோடு, அழிந்த பயிருக்கும் ஈடு உண்டு என்றது.

எனக்கு இது சரியான தீர்ப்பாகப் படுகிறது. ஆற்றை மீட்பது தேசத்தின் ஆசை என்றால், அதன் செலவைக் கரையோரத்தில் நிலம் வைத்திருப்பவன் மட்டும் சுமக்கக் கூடாது.

2019இல் மறுபடியும் வந்ததே, அதுவும் அணையா?

அதில் அணைக்குப் பங்கு மிகக் குறைவு. மார்ச் நடுவில் உறைந்த தரையின் மேல், பனியின் மேல் பெருமழை. தரை ஒரு சொட்டு உறிஞ்சவில்லை. பெரும்பகுதி தண்ணீர் பிளாட் போன்ற, பெரிய அணைகளுக்குக் கீழே வந்து சேரும் துணையாறுகளில் வந்தது. நயோப்ராரா ஆற்றிலிருந்த ஸ்பென்சர் அணை மார்ச் 14 அன்று பனிக்கட்டிகளோடு உடைந்து, அந்தத் தண்ணீரும் சின்ன அணையான கேவின்ஸ் பாயின்ட்டுக்குள் வந்து விழுந்தது. அவர்கள் 1,00,000 கன அடி திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அயோவாவின் ஹாம்பர்க் என்ற சின்ன ஊரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2011இல் பெரிய கரை உடைந்தபோது, ஊரை ஒட்டிய சின்னக் கரையை அவசரமாக மண் போட்டு உயர்த்தினார்கள். ஊர் தப்பியது. வெள்ளம் வடிந்ததும், தற்காலிக வேலை நிரந்தரக் கரைக்கான தரத்தில் இல்லை, தரம் உயர்த்தப் பணம் கட்டுங்கள் அல்லது பழைய உயரத்துக்கு இறக்குங்கள் என்றது விதி. ஊரிடம் அந்தப் பணம் இல்லை. இறக்கினார்கள். 2019இல் தண்ணீர் அதன் மேலேறி ஊருக்குள் வந்தது. அங்கே குறுக்கே நின்றது பறவையும் இல்லை, மீனும் இல்லை.

அணைகளுக்கு முன்பு எல்லாம் நன்றாக இருந்ததா?

வெள்ளம் அப்போதும் வந்தது. ஆனால் அணையால் இழந்தவர்களில் முதல் வரிசை பழங்குடிகள். கேரிசன் அணைக்காக மாண்டன், ஹிடாட்சா, அரிகாரா மக்களின் ஆற்றங்கரை நிலம் 1,50,000 ஏக்கருக்கு மேல் போனது. எல்போவுட்ஸ் என்ற அவர்களுடைய ஊர் நீரடியில் கிடக்கிறது. 1948இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் பழங்குடித் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் கண்ணாடியைக் கழற்றி, கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். கீழ்ப்பகுதியின் வெள்ளப் பாதுகாப்பு அந்த நிலத்தின் மேல்தான் நிற்கிறது.

வெள்ளத் தடுப்பும் ஆற்றின் நலமும் ஒத்துப்போகும் வழி ஏதாவது?

இருக்கிறது. கரையைப் பின்னால் தள்ளிக் கட்டுவது. ஆற்றை ஒட்டி இறுக்கிக் கட்டிய கரையில் ஒரே இடம் திரும்பத் திரும்ப உடையும். அதை அரை மைல், ஒரு மைல் உள்வாங்கிக் கட்டினால் வெள்ளம் அகலமாகப் பரவி மட்டம் குறையும். இடையில் கிடைக்கும் நிலம் சதுப்பாகவும் மீன்குஞ்சு வளரும் இடமாகவும் மாறும். 2019க்குப் பிறகு மிசௌரி மாநிலத்தின் ஆட்சிசன் மாவட்டத்தில் சுமார் ஐந்து மைல் கரையை இப்படிப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஆற்றுக்குத் திரும்பக் கிடைத்தது. நிலம் விட்ட விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து வாங்கினார்கள், மிரட்டி எடுக்கவில்லை. எல்லா இடத்திலும் நடக்காது, செலவும் அதிகம். ஆனாலும் இரு தரப்பும் ஒரே வரைபடத்தின் மேல் குனிந்து நின்ற அபூர்வ இடம் அது.

2015 செம்பரம்பாக்கமும் இதே மாதிரியா?

ஒரு வகையில் மட்டும். நிறைத்து வைப்பதா, காலி வைப்பதா என்ற கேள்வி ஒன்றே. டிசம்பர் 1 அன்று அங்கே விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள், அடையாறு ஊருக்குள் புகுந்தது. ஆனால் அங்கே காலி இடத்தோடு மோதியது குடிநீர்ச் சேமிப்பு. சுற்றுச்சூழல் விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. அப்புறம், கேவின்ஸ் பாயின்ட்டின் நீர்திறப்பு முன்னறிவிப்பை யார் வேண்டுமானாலும் பார்த்து, வரும் வாரங்களில் எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ளலாம். அன்றிரவு அடையாற்றங்கரையில் தூங்கியவர்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பறவையும் மீனும் இப்போது எப்படி இருக்கின்றன?

2018இல் நூலைத் திருத்தியபோது வசந்தத் துடிப்பை எடுத்துவிட்டார்கள். தேவையான இடத்தில் இயந்திரத்தால் மணல்திட்டு கட்டுவது என்ற வழிக்கு வந்திருக்கிறார்கள். சின்ன ஆலா எண்ணிக்கை கூடி, 2021இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ப்ளோவர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஸ்டர்ஜனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து ஆற்றில் விடுகிறார்கள்.

இரண்டு பறவைகளுக்கும் பல ஆண்டுகளில் கிடைக்காத அளவு புது மணல்திட்டுகளைப் போட்டுக்கொடுத்தது 2011 வெள்ளம்தான். தண்ணீர் இறங்கிய அடுத்த கோடைகளில், செடியில்லாத அந்த வெள்ளை மணலில் ப்ளோவர்கள் குழி பறித்து முட்டையிட்டன.